பையிலிருக்கும் கருவி யாருக்குக் கட்டுப்பட்டது?

2024 ஆகஸ்ட் 4 அன்று சிங்கப்பூரில் 26 உயர்நிலைப் பள்ளிகளைச் சேர்ந்த ஏறக்குறைய 13,000 மாணவர்களின் ஐபேடுகளும் குரோம்புக்குகளும் வெறுமையாகிவிட்டன. வேறெங்கும் நகல் எடுத்துவைக்காதவர்களின் பாடக்குறிப்புகளும் பாதி முடித்த வீட்டுப்பாடங்களும் காணாமல் போயின. அந்தக் கருவிகளைக் கண்காணிக்கப் பள்ளிகள் நிறுவச் செய்திருந்த ‘மொபைல் கார்டியன்’ என்ற செயலிக்குள் வெளியாள் ஒருவர் நுழைந்து, தொலைவிலிருந்தே கருவியைத் துடைத்துவிடும் வசதியைப் பயன்படுத்தியிருந்தார். கல்வி அமைச்சகம் அந்தச் செயலியை எல்லாக் கருவிகளிலிருந்தும் நீக்க வேண்டியதாயிற்று.

அந்தக் கருவிகள் அரசின் சொத்தோ பள்ளியின் சொத்தோ அல்ல, மாணவர்களுடையவை. ஒவ்வொரு உயர்நிலைப் பள்ளி மாணவரிடமும் சொந்தமாக ஒரு கற்றல் கருவி இருக்க வேண்டும் என்று சிங்கப்பூர் 2020 மார்ச்சில் அறிவித்தது. 2028க்குள் முடிக்கலாம் என்றிருந்த வேலை, கொரோனா வந்ததும் 2021 இறுதிக்கு முன்தள்ளப்பட்டது. பிள்ளையின் ‘எடுசேவ்’ என்ற அரசுக் கல்விக் கணக்கிலிருந்து இதற்குப் பணம் எடுத்துக்கொள்ளலாம். வருமானம் குறைந்த வீடுகளுக்குக் கூடுதல் மானியமும் உண்டு. கருவி வாங்கியது குடும்பம். அதில் என்ன ஓடலாம், எத்தனை மணிக்குத் திரை அணைய வேண்டும் என்பதைப் பள்ளி நேரத்தில் தீர்மானித்தது அமைச்சகம் சொன்ன செயலி. இது தங்கள் அந்தரங்கத்துக்குள் கை நீட்டுவதாகும் என்று 2021 தொடக்கத்திலேயே மாணவர்கள் இணையத்தில் மனுப்போட்டார்கள். அவர்கள் அஞ்சியது ஒன்று, நடந்தது வேறொன்று. ஆனால் இரண்டுக்கும் வாசல் ஒன்றுதான்.

இதே அமைச்சகம் 2026 ஜனவரி முதல் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் ஸ்மார்ட்போனையும் ஸ்மார்ட் வாட்ச்சையும் பள்ளி நேரம் முழுக்க, இடைவேளையிலும்கூட, தொடக் கூடாது என்றும் அறிவித்திருக்கிறது. ஆக, ஒரே பையில் இரண்டு சொந்தக் கருவிகள்: ஒன்றைக் கொண்டுவராவிட்டால் குற்றம், மற்றதை வெளியே எடுத்தால் குற்றம். இதைக் குழப்பம் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மாணவர் தம் கருவியைப் பள்ளிக்குக் கொண்டுவருவது பற்றி உலகெங்கும் இருபதாண்டுகளாக நடக்கும் சண்டையைச் சிங்கப்பூர் ஒரே பைக்குள் போட்டுக் காட்டுகிறது. கருவி நல்லதா கெட்டதா என்று கேட்டே இந்தச் சண்டை நீண்டுகொண்டிருக்கிறது. பணம் யார் கொடுத்தது, கட்டுப்பாடு யார் கையில், கெட்டுப்போனால் பதில் சொல்வது யார் என்ற மூன்றையும் சேர்த்துக் கேட்டால்தான் எந்த விதி நியாயம், எது வெறும் கைகழுவல் என்று பிரித்தறிய முடியும்.

*

சொந்தக் கருவியைப் படிப்புக்குக் கொண்டுவரச் சொல்லும் வழக்கம் அலுவலகங்களிலிருந்து பள்ளிக்கு வந்தது. ஊழியர்கள் தங்கள் போனிலேயே அலுவலக மின்னஞ்சல் பார்க்கத் தொடங்கிய காலம் அது. 2008 நிதி நெருக்கடியில் கல்வி மாவட்டங்களின் கஜானா வற்றியபோது, அமெரிக்காவில் பல பள்ளிகளுக்கு இது வரப்பிரசாதமாகத் தெரிந்தது. ஜார்ஜியா மாநிலத்தின் போர்சைத் கவுண்டி இதற்கு முன்னோடியாகப் பேசப்பட்டது. பிள்ளைகளின் பாக்கெட்டில் ஏற்கெனவே கணினி இருக்கும்போது நாம் எதற்கு வாங்க வேண்டும் என்பதுதான் வாதம்.

எதிர்த்திசையில் போனவர்கள் பட்ட அடியும் இந்த வாதத்துக்கு வலுச் சேர்த்தது. லாஸ் ஏஞ்சலஸ் கல்வி மாவட்டம் 2013இல் நூறு கோடி டாலருக்கு மேல் செலவிட்டு எல்லா மாணவருக்கும் ஐபேடு வாங்கித்தரப் புறப்பட்டது. சில நாட்களிலேயே மாணவர்கள் பாதுகாப்புத் தடையை நீக்கிவிட்டு ஃபேஸ்புக் பார்க்கத் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டு கண்காணிப்பாளர் பதவி விலகினார், திட்டம் கவிழ்ந்தது.

ஆனால் சொந்தக் கருவி வந்த வகுப்பறையில் செலவு மறைந்துவிடவில்லை, இடம் மாறியது. ஒரே வகுப்பில் ஐந்து விதத் திரைகள். ஒருவனுடையதில் செயலி திறக்கும், இன்னொருவனுடைய பழைய போனில் திறக்காது. பாதிப் பாடவேளை சார்ஜுக்கும் கடவுச்சொல்லுக்கும் போகும். நாற்பது கருவிகளைத் தாங்கும் வைஃபைக்குப் பள்ளிதான் செலவழித்தாக வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், அப்பாவின் சம்பளம் வகுப்பறை மேசைமீது வெளிச்சமாக உட்கார்ந்துகொள்கிறது. சீருடை வைத்து நாம் மறைக்கப் பார்த்தது அதைத்தான்.

தடையும் வர்க்கம் பார்க்கும் என்பதற்கு நியூயார்க் சாட்சி. மேயர் மைக்கேல் புளூம்பெர்க் காலத்தில் அந்நகரின் அரசுப் பள்ளிகளுக்குள் செல்போன் கொண்டுவரவே தடை இருந்தது. 2006 முதல் அது கறாராக அமலானது. கறார் என்றால் எங்கும் அல்ல. வசதியான பகுதிகளின் பள்ளிகளில் போன் பைக்குள் இருந்தால் ஆசிரியர் கண்டுகொள்ளமாட்டார். வாசலில் உலோகம் கண்டறியும் கருவி வைத்திருந்த பள்ளிகளில்தான், அதாவது பெரும்பாலும் ஏழை, கறுப்பின, லத்தீன் பிள்ளைகள் படித்த பள்ளிகளில்தான், தப்பிக்க வழியில்லை. இந்தப் பிள்ளைகளுக்காக ஒரு தொழிலே முளைத்தது. காலையில் பள்ளிக்கு எதிரே வேன்கள் வந்து நிற்கும். நாளொன்றுக்கு 1 டாலர் கொடுத்துப் போனை ஒப்படைத்துச் சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போக வேண்டும். ஆண்டுக்கு 180 பள்ளி நாட்கள் என்று வைத்தால் 180 டாலர். பக்கத்துப் பெட்டிக்கடைகளும் இந்த வியாபாரத்தில் இறங்கின. நீண்ட தூரம் ரயிலில் தனியாகப் போய்வரும் பிள்ளையைப் போன் இல்லாமல் அனுப்பப் பெற்றோருக்கு மனம் வரவில்லை, கொடுத்தார்கள். புதிய மேயர் பில் டி பிளாசியோ 2015 மார்ச்சில் தடையை நீக்கியபோது, இந்தப் பாரபட்சத்தையும் காரணமாகச் சொன்னார். பத்தாண்டு கழிந்து, 2025 செப்டம்பரில், நியூயார்க் மாநிலம் முழுவதற்கும் முதல் மணியிலிருந்து கடைசி மணிவரை மறுபடியும் தடை வந்திருக்கிறது. இம்முறை போனை வைத்துக்கொள்ளும் ஏற்பாட்டைப் பள்ளியே செய்ய வேண்டும். முதல் தடைக்கும் இரண்டாவது தடைக்கும் உள்ள வேறுபாடு என்னைப் பொறுத்தவரை இதுதான், வேறெதுவும் அல்ல.

*

தடை போட்டால் படிப்பு ஏறுமா? இந்தக் கேள்விக்கு இரு தரப்பும் தத்தமக்குப் பிடித்த ஆய்வை எடுத்து வீசுகின்றன. எல்லாவற்றையும் சேர்த்துப் படித்தால் கிடைக்கும் படம் இரு தரப்புக்கும் முழுத் திருப்தி தராது.

அதிகம் மேற்கோள் காட்டப்படுவது லூயி-பிலிப் பேலண்டும் ரிச்சர்ட் மர்பியும் 2015இல் வெளியிட்டது. இங்கிலாந்தின் நான்கு நகரங்களில் 91 பள்ளிகளை எடுத்து, தடைக்கு முன்னும் பின்னும் 16 வயது மாணவர்களின் தேர்வு மதிப்பெண்களை ஒப்பிட்டார்கள். சராசரி முன்னேற்றம் சிறியது. ஆண்டில் ஐந்து பள்ளி நாட்கள் கூடுதலாகக் கிடைத்ததற்குச் சமம் என்று அவர்களே கணக்கிட்டார்கள். அதைப் பிரித்துப் பார்த்தபோதுதான் விஷயம் புலப்பட்டது. முன்னணி மாணவர்களிடம் மாற்றமே இல்லை. கடைசி வரிசை மாணவர்கள் பெற்ற பயன் சராசரியைப் போல இரு மடங்குக்கும் மேல்.

இதே முறையை ஸ்வீடனில் செய்து பார்த்த ஆய்வாளர்கள் 2020இல் எந்தப் பயனும் இல்லை என்றார்கள். 2024இல் நார்வேயில் சாரா ஆப்ரஹாம்சன் செய்த ஆய்வில், தடைபோட்ட நடுநிலைப் பள்ளிகளில் கேலி, துன்புறுத்தல் குறைந்தது; மனநல சிகிச்சைக்குப் போகும் பெண்பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்தது; அவர்கள் மதிப்பெண்ணும் கூடியது. 2025 பிப்ரவரியில் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தார் 30 பள்ளிகளில் 1,227 மாணவர்களை வைத்துச் செய்த ஆய்வு வேறு திசையில் போயிற்று. தடையுள்ள பள்ளிக்கும் இல்லாத பள்ளிக்கும் இடையே மாணவர் மனநலத்தில் வேறுபாடு இல்லை; ஆனால் நாள் முழுதும் போனில் கழியும் நேரம் கூடக் கூட நிலைமை மோசம். பள்ளியில் மிச்சமான நேரத்தைப் பிள்ளைகள் வீட்டில் ஈடுகட்டிக்கொள்கிறார்கள் என்று அதைப் படிக்கலாம்.

இவற்றில் நமக்கு மிக நெருக்கமானது இந்தியாவில் நடந்தது. ஆல்ப் சுங்கு, பிரதீப் குமார் சௌத்ரி, ஆண்ட்ரியாஸ் பியெர்-நீல்சன் ஆகியோர் 10 உயர்கல்வி நிறுவனங்களில் ஏறக்குறைய 17,000 மாணவர்களைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். ஒரு பகுதியினர் வகுப்புக்கு முன் போனை ஒப்படைத்துவிட வேண்டும். அவர்களுடைய மதிப்பெண் சற்றே கூடியது. இங்கும் அதிகம் பயனடைந்தவர்கள் படிப்பில் பின்தங்கியவர்கள்தாம். பள்ளி அல்ல, கல்லூரி என்பதை நினைவில் வைக்க வேண்டும். ஆனாலும் இங்கிலாந்தின் முடிவும் இந்தியாவின் முடிவும் ஒரே இடத்தைச் சுட்டுவது தற்செயலாகத் தெரியவில்லை. கவனம் சிதறினாலும் வீட்டில் டியூஷன் வைத்து ஈடுகட்டக்கூடிய பிள்ளைக்குப் போன் ஒரு தொந்தரவு, அவ்வளவுதான். வகுப்பில் கேட்டதைத் தவிர வேறு வழியில்லாத முதல் தலைமுறை மாணவனுக்கு அந்த நாற்பத்தைந்து நிமிடமே மொத்த முதலீடு.

தொந்தரவு அடுத்தவர் போனிலிருந்தும் வரும். ‘பிசா’ என்ற பன்னாட்டு மாணவர் மதிப்பீட்டின் 2022ஆம் ஆண்டுத் தேர்வில், கணித வகுப்புகளில் தம் கருவியால் கவனம் சிதறுவதாக 65 விழுக்காடு மாணவர்கள் சொன்னார்கள். மற்றவர் கருவியால் சிதறுவதாக 59 விழுக்காட்டினர். என் போன், என் உரிமை, என் கவனம் என்று வாதிடுபவர்கள் இந்த இரண்டாவது எண்ணைக் கவனிப்பதில்லை.

*

சட்டங்களைப் பொறுத்தவரை உலகம் ஒரு பக்கமாகச் சாய்ந்துவருகிறது. பிரான்ஸ் 2010இல் வகுப்பு நேரத்தில் மட்டும் தடுத்தது, 2018இல் 15 வயதுவரையிலான பிள்ளைகளுக்குப் பள்ளி வளாகம் முழுதும் தடுத்தது. சீனா 2021, நெதர்லாந்து 2024, பிரேசில் 2025 ஜனவரி. தென்கொரியா 2025 ஆகஸ்டில் நிறைவேற்றிய சட்டம் 2026 மார்ச்சில் அமலாகும்படி வகுக்கப்பட்டது. 2023இல் யுனெஸ்கோ கணக்கெடுத்தபோது நான்கில் ஒரு நாட்டுக்கும் குறைவாகவே தடை இருந்தது. 2024 முடிவில் அது 40 விழுக்காட்டைத் தொட்டுவிட்டது.

இந்தியாவில் நாடு முழுவதற்குமான சட்டம் இல்லை. யுனெஸ்கோவின் அறிக்கையைக் காட்டி ஆந்திரம் 2023 ஆகஸ்டில் பள்ளிகளில் செல்போனைத் தடுத்தது. நீதிமன்றங்கள் இதைவிட நிதானமாக யோசித்திருக்கின்றன. 2019 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது. கோழிக்கோடு மாவட்டத்துக் கல்லூரி ஒன்றின் பெண்கள் விடுதியில், மாலை 6 முதல் இரவு 10 வரை போனை ஒப்படைத்துவிட வேண்டும் என்று விதி. அதை ஏற்காத மாணவியை விடுதியை விட்டு அனுப்பினார்கள். அவரை மீண்டும் சேர்க்கச் சொன்ன நீதிமன்றம், இணையத்தை அடைவது கல்வி உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் அடங்கும் என்றது. அவர் வயது வந்தவர், அது படிக்கும் நேரம், விதியோ பெண்கள் விடுதியில் இருந்தது என்பதையெல்லாம் மறந்துவிட்டு, பள்ளிக்கூடத்து எட்டாம் வகுப்புக்கும் இந்தத் தீர்ப்பைப் பொருத்துவது சரியல்ல.

பள்ளியைப் பற்றி நேரடியாகப் பேசியது டெல்லி உயர் நீதிமன்றம். 2025 பிப்ரவரி இறுதியில், கேந்திரிய வித்யாலயா மாணவர் ஒருவரின் வழக்கில், முழுத் தடை விரும்பத்தக்கதும் அல்ல, நடைமுறைக்கு ஒத்துவருவதும் அல்ல என்றது. வசதியுள்ள இடங்களில் வந்ததும் போனை ஒப்படைத்து வீடு திரும்பும்போது வாங்கிக்கொள்ளலாம். பாதுகாப்புக்கும் தொடர்புக்கும் பயன்படலாம், பொழுதுபோக்குக்கு அல்ல. விதியை மீறினால் தண்டனை அளவாக இருக்க வேண்டும் என்று நெறிகளை வகுத்தது. விதிகளை வகுக்கும்போது பெற்றோரையும் ஆசிரியரையும் கலந்துபேசச் சொன்னது எனக்குப் பிடித்த பகுதி. மாணவரையும் அழைத்து உட்காரவைத்தால் இன்னும் நன்று.

*

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் மாணவர் செல்போன் கொண்டுவரக் கூடாது என்பது நெடுநாள் நடைமுறை. பிடிபட்டால் ஹெச்.எம். அறையில் போன், மறுநாள் பெற்றோர். இது ஓரளவு நடந்துகொண்டிருந்த ஏற்பாடுதான். 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடியதும் தலைகீழாயிற்று. அதுவரை பறிக்கப்பட்ட பொருளே ஒரே வகுப்பறையாகிவிட்டது. கல்வித் தொலைக்காட்சி 2019இலேயே தொடங்கியிருந்ததால் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு கைப்பிடி இருந்தது. ஆனாலும் ‘அசர்’ அமைப்பின் 2021 கணக்கெடுப்பு நாடளாவிய நிலையைக் காட்டியது: கிராமப்புற மாணவர்களில் 67.6 விழுக்காட்டினர் வீட்டில் ஸ்மார்ட்போன் இருந்தது. அந்த வீடுகளிலும் நான்கில் ஒரு பிள்ளைக்கு அது கைக்குக் கிடைக்கவில்லை. வீட்டில் போன் இருப்பதற்கும் பிள்ளையிடம் போன் இருப்பதற்கும் நடுவே அப்பாவின் வேலைநேரம் நிற்கிறது.

2024 கணக்கெடுப்பில் 14 முதல் 16 வயதுள்ள கிராமப்புறப் பிள்ளைகளில் பத்தில் ஒன்பது பேர் வீட்டில் ஸ்மார்ட்போன் உண்டு. இயக்கத் தெரிந்தவர்களில் அதைச் சொந்தமாக வைத்திருப்பவர்கள் ஆண்பிள்ளைகளில் 36.2 விழுக்காடு, பெண்பிள்ளைகளில் 26.9. ஆகவே, சொந்தக் கருவியைக் கொண்டுவா என்று இங்கே ஒரு பள்ளி சொன்னால், அது முதலில் அண்ணனுக்குச் சொன்னதாகவும் பிறகுதான் தங்கைக்குச் சொன்னதாகவும் ஆகிவிடும்.

கொரோனா போயிற்று, அதன் பழக்கம் போகவில்லை. வகுப்பு வாட்ஸ்அப் குழுக்கள் இன்னும் உயிரோடிருக்கின்றன. காலையில் போன் கொண்டுவந்தால் தண்டிக்கும் அதே பள்ளி, மாலை ஆறு மணிக்கு வீட்டுப்பாடத்தைக் குழுவில் போடுகிறது. வரைபடத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்கிறது. காணொளி இணைப்பு தருகிறது. கரும்பலகையில் எழுதிப் போட்டிருந்தால் ஐந்து நிமிடம். லாரி ஓட்டும் அப்பா வீட்டுக்கு வரும்வரை பிள்ளைக்கு வீட்டுப்பாடம் என்னவென்றே தெரியாது. அம்மாவின் போனில் அன்றைய டேட்டாவை அண்ணன் தீர்த்திருப்பான். கைபேசித் தடை பற்றிப் பேசும் பலர் இந்த மாலைநேரக் கட்டாயத்தைக் கணக்கில் எடுப்பதேயில்லை. இதுவும் மாணவரின் சொந்தக் கருவியைப் பள்ளி பயன்படுத்திக்கொள்வதுதான். வாசலுக்கு வெளியே நடப்பதால் யார் கண்ணிலும் படுவதில்லை.

சில தனியார் பள்ளிகளில் கதை வேறு. கட்டணத்தோடு ஒரு டேப், அதற்குள் பாடச் செயலி, ஆண்டுச் சந்தா. வெளிக்கடையில் வாங்கிய டேப் அங்கே செல்லாது. பெற்றோர் பெயரில் ரசீது இருக்கும். கருவி முழுக்க அந்த நிறுவனத்துக்குக் கட்டுப்பட்டது.

இவ்விரண்டுக்கும் நடுவில் தமிழ்நாடு செய்த ஒரு காரியம் இந்த விவாதத்தில் அதிகம் பேசப்படுவதில்லை. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அரசு, அரசு உதவிபெறும் நிறுவனங்களின் மாணவர்களுக்கு ஏறத்தாழ 50 லட்சம் மடிக்கணினிகள் போயின. அரசு பணம் கொடுத்தது, பிள்ளைக்குச் சொந்தமாயிற்று. சிலவற்றில் படம் பார்த்தார்கள், சில விற்கப்பட்டன. கேலி செய்ய இவை போதுமானவையாக இருந்தன. ஆனால் ஆயிரக்கணக்கான வீடுகளில் குடும்பத்தின் முதல் கணினி அதுதான். பல வீடுகளில் அது வந்தது ஒரு பெண்பிள்ளையின் பெயரில் என்பது சிறிய செய்தியல்ல. திட்டத்தின் உண்மையான குறை வேறு: கருவி வந்தது, அதை வைத்துக் கற்பிக்கும் பாடவேளை வரவில்லை. 2025 மார்ச் நிதிநிலை அறிக்கையில் 20 லட்சம் பேருக்கு மடிக்கணினியோ கைக்கணினியோ என்று மறுபடி அறிவித்தபோது அது கல்லூரி மாணவர்களுக்கென்று ஆயிற்று. கேரளம் போட்ட கணக்கு இதற்கு நேர்மாறு. அங்கே கருவியைப் பிள்ளையிடம் தராமல் வகுப்பறைக்குத் தந்தார்கள்: 8 முதல் 12 வரையிலான 45,000 வகுப்பறைகளில் மடிக்கணினியும் புரொஜெக்டரும்.

*

பள்ளியே கருவி தந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள் பென்சில்வேனியாவின் லோயர் மெரியனைப் பார்க்க வேண்டும். பிலடெல்பியாவுக்கு வெளியே வசதியான புறநகர். கல்வி மாவட்டம் மாணவர்களுக்கு மேக்புக் கொடுத்தது. திருடுபோனால் கண்டுபிடிக்க என்று அதில் ஒரு மென்பொருள். தொலைவிலிருந்து கேமராவை இயக்கிப் படமெடுக்கும். 2010இல் ஒரு குடும்பம் வழக்குத் தொடுத்தபோதுதான் வெளியே வந்தது, ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள் எடுக்கப்பட்டிருந்தன. அவற்றில் மாணவர்கள் தங்கள் வீட்டில், படுக்கையறையில் இருந்த படங்களும் உண்டு. 6,10,000 டாலர் கொடுத்து மாவட்டம் சமரசம் செய்துகொண்டது. பள்ளிக்குச் சொந்தமான கருவி வீட்டுக்குள் போனால் பள்ளியின் கண்ணும் கூடவே போகிறது. வீட்டுக்குச் சொந்தமான கருவியில் பள்ளியின் செயலியைப் போட்டாலும் நடப்பது அதுதான். சிங்கப்பூர் மாணவர்களின் மனு ஒன்றும் பிள்ளை விளையாட்டல்ல.

2022 மே மாதம் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு, கொரோனா காலத்தில் 49 நாடுகள் பரிந்துரைத்த கல்விச் செயலிகளையும் தளங்களையும் ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டது. அலசிய 163இல் 89 விழுக்காடு, பிள்ளைகளின் தகவலை அவர்கள் உரிமையைப் பாதிக்கும் விதத்தில் கையாண்டன என்றது. இந்திய அரசின் ‘தீக்ஷா’வும் அந்தப் பட்டியலில் இருந்தது. 2023இல் இயற்றப்பட்ட நமது தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்கு உட்பட்டோரின் தகவலைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதலைக் கேட்கிறது. பள்ளி ஒரு செயலியைக் கட்டாயமாக்கிய பிறகு, அதற்கு ஒப்புதல் தரமாட்டேன் என்று சொல்லக்கூடிய பெற்றோர் எத்தனை பேர்?

இவையெல்லாம் சேர்ந்து எனக்குச் சொல்வது இவ்வளவு: பள்ளி நேரத்தில் பிள்ளையின் சொந்தப் போன் அணைந்திருக்கட்டும். பூட்டுப்பெட்டியைப் பள்ளி வாங்கட்டும், காணாமல் போனால் பள்ளி பொறுப்பேற்கட்டும். அதைத் திறந்து உள்ளே பார்க்கும் உரிமை ஆசிரியருக்கு இல்லை என்று எழுதி ஒட்டட்டும். திரையில்லாமல் நடத்த முடியாத பாடம் என்றால் திரையைப் பள்ளி தரட்டும். அந்தத் திரை வகுப்பறையிலேயே இருக்கட்டும். போனைப் பெற்றோர் எதிரே உடைப்பது, பிரார்த்தனைக் கூட்டத்தில் பெயர் சொல்லி நிற்கவைப்பது போன்றவை கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடுக்கும் மன வேதனைக்குள் வருபவை என்பதை ஆசிரியர் பயிற்சியிலேயே சொல்லிவிட வேண்டும். மாலையில் வாட்ஸ்அப்பில் வீட்டுப்பாடம் போடுவது நிற்க வேண்டும். இந்தக் கடைசி விதிக்குத்தான் எதிர்ப்பு அதிகம் வரும், ஏனென்றால் இது மாணவரைக் கட்டுப்படுத்துவதில்லை.

விலக்குகளும் முன்கூட்டியே எழுதப்பட்டாக வேண்டும். பிரான்சின் சட்டமும் பிரேசிலின் சட்டமும் மாற்றுத்திறனாளி மாணவர்களுக்குத் தெளிவாக இடம் விட்டிருக்கின்றன. பார்வையற்ற மாணவிக்குப் போனிலுள்ள திரைவாசிப்பானே பாடநூல். முதல் வகை நீரிழிவுள்ள சிறுவன் கையில் ஒட்டியிருக்கும் உணரி, சர்க்கரை அளவைப் போனுக்கு அனுப்பும். அளவு தாழ்ந்தால் ஒலிக்கும். அணைத்துப் பூட்டிவைத்த போன் ஒலிக்காது. அந்தப் பிள்ளையின் பெயர் பள்ளிப் பதிவேட்டில் முதல் நாளே இருக்க வேண்டும். புதிதாக மாற்றலாகி வரும் ஆசிரியர் போனைப் பிடுங்குவதற்கு முன் அந்தப் பதிவேட்டைப் பார்த்திருக்கவும் வேண்டும்.